உறைந்த ஜன்னல்: பைசைடும் பைக்யூட்டும் கைக்குப் பழகிய கதை

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஆயுள் முழுக்கச் சேர்த்த சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறார். கோப்புப் பெயர்களெல்லாம் ஸ்கேனர் கொடுத்த எண்கள். எது எந்த இதழ், எது அட்டை, எது நடுப்பக்கம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். "தம்பி, இதையெல்லாம் வரிசையாப் பாத்து, பேர் மாத்தி, உள்ள இருக்குற எழுத்தையும் பிரிச்சு எடுக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்றார். பைத்தானில் சனி, ஞாயிறு வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். ஆறு வாரம் ஆனது.

வேலை கடினம் என்பதால் அல்ல. எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் இருக்கிறது, தமிழும் அதற்குத் தெரியும். பெயர் மாற்ற பத்து வரி போதும். ஆறு வாரத்தையும் தின்றது அந்த வேலையைச் சுற்றி நான் கட்டிய ஜன்னல். ஒரு டேபிள், நாலு பட்டன், ஒரு புராகிரஸ் பார், இடப்பக்கம் சின்னச் சின்னப் படங்கள், அவ்வளவுதான் அதில். முதலில் பைசைடு 6-இல் கட்டினேன். பிறகு அதே நிரலை பைக்யூட் 6-க்கு மாற்றினேன். கடைசியில் இரண்டிலும் ஓடும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிழையையும் இரண்டிலும் விழவைத்துப் பார்த்தேன். இந்த விமர்சனம் அந்த விழுந்த தழும்புகளிலிருந்து எழுதப்படுகிறது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. க்யூட் என்பது நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தில் பிறந்து, 1995-இல் வெளிவந்த சி++ கருவித்தொகுப்பு. அதைப் பைத்தானிலிருந்து கூப்பிட, ரிவர்பேங்க் கம்ப்யூட்டிங்கின் ஃபில் தாம்சன் 1998-இல் பைக்யூட்டைக் கொண்டுவந்தார். 2008-இல் ட்ரோல்டெக்கை நோக்கியா வாங்கியது. பைக்யூட்டின் உரிமம் ஜிபிஎல் அல்லது கட்டண உரிமம் என்பதால், கொஞ்சம் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் ஒன்று வேண்டும் என்று நோக்கியா 2009-இல் பைசைடை ஆரம்பித்தது. இன்று பைசைடுதான் க்யூட் நிறுவனத்தின் சொந்தப் பிள்ளை. பைக்யூட் மூத்தது, ஆனால் வெளியாள். இரண்டுமே ஒரே சி++ உடம்புக்குப் போட்ட இரண்டு சட்டைகள். பைக்யூட்டின் சட்டையைத் தைப்பது சிப் என்ற கருவி, பைசைடின் சட்டையைத் தைப்பது ஷிபோகென். ஒரே நிரல் இரண்டிலும் பெரும்பாலும் ஓடும். சிக்னலை அறிவிக்கும் பெயர் மாறும், மேலே இருக்கும் இறக்குமதி வரிகள் மாறும். ஒழுங்காக ஓடும்போது வித்தியாசமே தெரியாது. விழும்போது மட்டும் நன்றாகத் தெரியும்.

நிறுவுவதில் பெரிய சிக்கல் இல்லை. பைசைடை முழுசாக இறக்காமல், எசென்ஷியல்ஸ் என்ற பகுதியை மட்டும் இறக்கினால் டிஸ்க்கில் இடம் மிச்சம். லினக்ஸில் 6.5-க்குப் பிறகு எக்ஸ்சிபி-கர்சர் என்ற சின்ன நூலகம் இல்லாவிட்டால் ஜன்னலே திறக்காது. பிழைச்செய்தி அதைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறது, ஒரு ஆப்ட் கட்டளையில் முடிகிறது.

ஒரே மாஸ்டர் இருக்கிற டீக்கடை

முதல் வடிவத்தை ஆசிரியரின் கணினியில் போட்டு, ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் ஜன்னல் வெளுத்துப்போனது. மேலே "பதிலளிக்கவில்லை" என்று விண்டோஸ் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாக உயிர் பெற்று எல்லாப் படங்களையும் காட்டியது. சார் அதற்குள் மூன்று முறை பட்டனை அழுத்தியிருந்தார். அந்த மூன்று அழுத்தலும் வரிசையில் காத்திருந்து, ஒவ்வொன்றாக அதே ஃபோல்டரை மறுபடி திறக்க ஆரம்பித்தன.

காரணம் பழையது. க்யூட்டில் மவுஸ் அசைவு, பட்டன் அழுத்தல், திரையை வரைதல் எல்லாவற்றையும் கவனிப்பது மெயின் த்ரெட் ஒன்றுதான். சின்ன ஊர் டீக்கடையில் மாஸ்டரே கல்லாவிலும் உட்கார்ந்திருப்பாரே, அதுபோல. அவரைப் பால் வாங்கி வர அனுப்பினால் டீயும் இல்லை, சில்லறையும் இல்லை. நான் படங்களைத் திறக்கும் வேலையை அந்த மாஸ்டர் தலையில் கட்டியிருந்தேன்.

இந்த இடத்தில் பலரும் செய்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. வேலைக்கு நடுநடுவே ப்ராசஸ்ஈவென்ட்ஸ் என்ற கட்டளையைக் கூப்பிடுவது. நானும் செய்தேன். ஜன்னல் உயிரோடு இருப்பதுபோல் நடித்தது. ஆனால் பாதி வேலையில் சார் மறுபடி பட்டனை அழுத்தியபோது, முதல் அழைப்பு முடியாமலேயே அதே ஃபங்ஷன் அதற்குள் இன்னொரு முறை ஓடியது. டேபிளில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு தடவை. அந்தக் கட்டளையை நிரலிலிருந்தே எடுத்து எறிந்தேன்.

அடுத்து, பைத்தானின் சாதாரண த்ரெட் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளிருந்தே லேபிளில் எழுத்தை மாற்றினேன். என் லேப்டாப்பில் ஓடியது. நாள் முழுக்க ஓடியது. அதுதான் ஆபத்து. க்யூட்டின் விதி தெளிவானது: விட்ஜெட்டுகளை மெயின் த்ரெட் மட்டுமே தொடலாம். ஆனால் விதியை மீறினால் உடனே தண்டனை கிடைக்காது. லேபிளின் எழுத்தை நான் மாற்றும் அதே நொடித்துளியில் மெயின் த்ரெட் அதை வரைந்துகொண்டிருந்தால் மட்டும் நினைவகம் கலங்கும். என் கணினியில் அந்த மோதல் நடக்கவில்லை. கும்பகோணத்தில் இருந்த பழைய கணினியில் அரை மணிக்கு ஒரு முறை நடந்தது. ஜன்னல் சத்தமில்லாமல் மறைந்தது. பிழைச்செய்தி இல்லை, பைத்தானின் ட்ரேஸ்பேக் இல்லை. விழுந்தது சி++ பக்கத்தில், பைத்தானுக்குச் செய்தி சொல்லக்கூட நேரமில்லை.

செய்தி இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. க்யூட் முன்கூட்டியே முனகிக்கொண்டுதான் இருந்தது: "பெற்றோர் வேறொரு த்ரெட்டில் இருக்கிறது, அதற்குப் பிள்ளை உருவாக்க முடியாது", "டைமரை வேறு த்ரெட்டிலிருந்து தொடங்க முடியாது" என்ற வகை எச்சரிக்கைகள். ஆனால் அவை போய்ச்சேருவது டெர்மினலுக்கு. நான் சாருக்குக் கொடுத்தது பைத்தான்டபிள்யூ வழியாகத் திறக்கும் ஐகான், அதற்கு டெர்மினலே கிடையாது. ஆகவே இந்த விமர்சனத்தில் யாராவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜன்னல் கட்டும் முன்னே க்யூட்டின் மெசேஜ் ஹேண்ட்லரை ஒரு கோப்பில் எழுதும்படி திருப்பிவிடுங்கள். பைத்தானின் ஃபால்ட்ஹேண்ட்லரையும் அதேபோல் ஒரு கோப்பைக் கொடுத்து முதல் வரியிலேயே இயக்குங்கள். அது சி++ பக்கம் விழும்போதும் எந்தப் பைத்தான் வரியில் இருந்தோம் என்று காட்டிவிடும். நிரல் எழுதும் காலத்தில் க்யூட்டி ஃபேட்டல் வார்னிங்ஸ் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால், முதல் எச்சரிக்கையிலேயே நிரல் நின்றுவிடும். அரை மணிக்கு ஒரு முறை வந்த மர்மம், இந்த மூன்றையும் போட்ட பிறகு பத்து விநாடியில் பிடிபட்டது.

சரியான வழி சிக்னல். வேலைக்கார த்ரெட் விட்ஜெட்டைத் தொடாமல் ஒரு சிக்னலை மட்டும் வீசும். பெறுபவர் எந்த த்ரெட்டில் குடியிருக்கிறார் என்று க்யூட் வீசும் நேரத்தில் பார்க்கும். வேறு த்ரெட் என்றால் செய்தியை அங்குள்ள வரிசையில் போட்டுவிட்டு வந்துவிடும். மாஸ்டர் கை ஓயும்போது எடுத்துப் படிப்பார். இந்த "குடியிருக்கிறார்" என்ற சொல்லைத்தான் நான் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. க்யூட்டில் ஒவ்வொரு கியூஆப்ஜெக்ட்டுக்கும் ஒரு த்ரெட் முகவரி உண்டு. அந்த முகவரி, பொருளை யார் உருவாக்கினார்களோ அவர்களுடையது.

இதனால் வரும் குழப்பத்தில் முதலிடம் கியூத்ரெட்டுக்கு. பெயரைப் பார்த்தால் அதுவே த்ரெட் என்று தோன்றும். இல்லை, அது த்ரெட்டை மேய்க்கும் மேஸ்திரி. மேஸ்திரி குடியிருப்பது அவரை உருவாக்கிய மெயின் த்ரெட்டில். நான் கியூத்ரெட்டிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, அதில் ஒரு ஸ்லாட்டை வைத்து, அதற்கு வேலை அனுப்பினேன். அந்த ஸ்லாட் மெயின் த்ரெட்டிலேயே ஓடியது. ரன் என்ற மெத்தடுக்குள் இருப்பது மட்டும்தான் புது த்ரெட்டில் ஓடும். புது த்ரெட் திறந்தும் ஜன்னல் ஏன் உறைகிறது என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

பிறகு வேலைக்காரனைத் தனிப் பொருளாக எழுதி, மூவ்டுத்ரெட் என்ற கட்டளையால் புது த்ரெட்டுக்குக் குடிமாற்றினேன். இங்கே பைக்யூட்டில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. குடிமாற்றும் முன்பே சிக்னலை இணைத்துவிட்டு, மெத்தடுக்கு மேலே ஸ்லாட் என்ற அலங்காரக் குறியைப் போடாவிட்டால், அந்த இணைப்பு பழைய முகவரியிலேயே தங்கிவிடும். வேலைக்காரன் புது வீட்டில் இருக்கிறான், அவனுக்கான தபால் பழைய வீட்டுக்கே போகிறது. அந்தக் குறி அலங்காரத்துக்குத்தான் என்று பல பாடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு சட்டையிலும் அதைத் தவறாமல் போட்டுவிடுவதே நல்லது. லாம்டாவுக்குச் சிக்னலை இணைப்பதும் இதே வகைதான். லாம்டாவுக்கு வீடே கிடையாது, அது எந்த த்ரெட்டில் ஓடும் என்பதை நம்பிக் காத்திருக்க முடியாது. திரையைத் தொடுகிற வேலை என்றால், மெயின் த்ரெட்டில் குடியிருக்கும் ஜன்னலின் சொந்த மெத்தடுக்கே இணைக்க வேண்டும்.

எது எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க நான் செய்தது மிகச் சாதாரணம். சந்தேகப்பட்ட ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியிலும் த்ரெட்டின் பெயரை அச்சிட்டேன். க்யூட் திறந்த த்ரெட்டுகளைப் பைத்தானுக்கு அடையாளம் தெரியாது, அவற்றுக்கு அது "டம்மி-1", "டம்மி-2" என்று பெயர் வைக்கும். டம்மி என்று வர வேண்டிய இடத்தில் "மெயின்த்ரெட்" என்று வந்தால் அங்கேதான் தப்பு. விலை உயர்ந்த டீபக்கர் எதுவும் இதைவிட வேகமாக உதவவில்லை.

இத்தனை செய்தும் ஜன்னல் லேசாகத் திக்கியது. பிரித்தெடுத்த எழுத்துகளிலிருந்து பக்க எண்ணைக் கண்டுபிடிக்க, தூய பைத்தானில் ஒரு நீண்ட லூப் எழுதியிருந்தேன். அது வேறு த்ரெட்டில்தான் ஓடியது. ஆனால் வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் வரிகளை ஓட்ட முடியும். அந்த ஒற்றைச் சாவியை கில் என்பார்கள். 5 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை சாவியைக் கைமாற்றச் சொல்லிக் கேட்கும் ஏற்பாடு இருந்தாலும், மெயின் த்ரெட்டின் ஒவ்வொரு சின்ன பைத்தான் வரியும் சாவிக்காக நிற்க வேண்டியிருக்கிறது. டெசராக்ட்டோ தனி ப்ராசஸ். அது ஓடி முடியக் காத்திருக்கும்போது பைத்தான் சாவியைக் கீழே வைத்துவிடுவதால் அங்கே திக்கல் இல்லை. இதைப் புரிந்துகொண்டதும் த்ரெட்டுகளில் பாதியைக் கலைத்தேன். டெசராக்ட்டை கியூப்ராசஸ் வழியாக நேரடியாக மெயின் த்ரெட்டிலிருந்தே இயக்கினேன். முடிந்ததும் அது சிக்னல் கொடுக்கும், உறைவதற்கு அங்கே எதுவுமில்லை. அந்த லூப்பையும் ஒரு தனி ப்ராசஸாக ஆக்கினேன். மீதமிருந்த ஒரே த்ரெட் படங்களைச் சுருக்குவது.

அந்த ஒன்றிலும் ஒரு விதி இருந்தது. கியூபிக்ஸ்மேப் திரையோடு ஒட்டிய பொருள், அதை மெயின் த்ரெட்டுக்கு வெளியே தொடக்கூடாது. கியூஇமேஜ் வெறும் நினைவகம், அதை எங்கே வேண்டுமானாலும் உருவாக்கலாம். வேலைக்காரன் கியூஇமேஜைச் செய்து சிக்னலில் அனுப்ப, மெயின் த்ரெட் அதை பிக்ஸ்மேப்பாக மாற்றிக்கொள்கிறது.

த்ரெட் மேல் பழி போட்ட பிழைகள்

ஒருமுறை த்ரெட்டில் சூடுபட்ட பிறகு எதைப் பார்த்தாலும் த்ரெட் பிழையாகவே தெரியும். எனக்கும் அப்படித்தான். இடப்பக்கம் சின்னப் படம் வருகிறது, அதையே இரட்டைக் கிளிக் செய்து பெரிதாகத் திறந்தால் வெள்ளை. சில படங்களுக்கு மட்டும். இரண்டு இரவு த்ரெட்டைச் சந்தேகித்தேன். உண்மை வேறு. க்யூட் 6-இல் படம் படிக்க ஒரு நினைவக வரம்பு வைத்திருக்கிறார்கள். தொடக்கப் பதிப்புகளில் அது 128 எம்பி. சார் பழைய செய்தித்தாள் தாள்கள் சிலவற்றை ஏ3 அளவில் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திருந்தார். 7016-க்கு 9921 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட். கிட்டத்தட்ட 278 மில்லியன் பைட். வரம்பைத் தாண்டியதும் க்யூட் வெற்றுப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டது. சின்னப் படத்துக்கு நான் முன்கூட்டியே அளவைச் சொல்லிப் படித்ததால், ஜேபெக் அங்கே சுருக்கியே விரிந்தது, வரம்பைத் தொடவில்லை. வரம்பை உயர்த்த ஒரே வரிதான். 0 என்று கொடுத்தால் வரம்பே இல்லை. ஆனால் எங்கிருந்தோ வருகிற படங்களைத் திறக்கும் நிரலில் அப்படிச் செய்யாதீர்கள், அந்த வரம்பு வைக்கப்பட்டதே விஷமப் படங்களுக்காக.

டேபிள் இன்னொரு நாள் முழுவதையும் வாங்கியது. வரிசைகள் வருகின்றன, ஆனால் சில கட்டங்கள் காலி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கட்டங்கள். இதைவிட த்ரெட் பிழைபோல் தோற்றம் கொண்டது வேறில்லை. கடைசியில் பார்த்தால், நிரப்புவதற்கு முன்பே டேபிளுக்கு வரிசைப்படுத்தலை இயக்கி வைத்திருந்தேன். ஐந்தாம் வரிசையில் பெயரைப் போட்டதும் டேபிள் அதை அகரவரிசைப்படி இரண்டாம் இடத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. நான் அடுத்த கட்டத்தை இன்னும் ஐந்தாம் வரிசை என்று நினைத்து நிரப்புகிறேன். நிரப்பி முடித்த பிறகு இயக்கு என்று க்யூட்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆவணத்தைக் கடைசியில் படிப்பவன் நான். அதே டேபிளில் 10-ஆம் பக்கம் 9-க்கு முன்னால் வந்ததும் உண்டு. பக்க எண்ணை எழுத்தாகக் கொடுத்ததால் எழுத்தாகவே ஒப்பிட்டது, எண்ணாகக் கொடுத்ததும் ஒழுங்கானது.

பட்டன் கதை சிரிப்பூட்டுவது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு "திற" பட்டன், ஒரு லூப்பில் உருவாக்கியது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் கடைசிப் பக்கம் திறந்தது. இது பைத்தானின் குணம், க்யூட்டைக் குறை சொல்ல முடியாது. லாம்டா எண்ணைப் பிடித்துவைக்காது, பெயரைத்தான் பிடித்துவைக்கும். லூப் முடியும்போது அந்தப் பெயரில் இருப்பது கடைசி எண். எல்லோரும் சொல்லும் மருந்தாக, எண்ணை லாம்டாவின் இயல்பு மதிப்பாகக் கொடுத்தேன். இப்போது எந்தப் பட்டனை அழுத்தினாலும் முதல் பக்கம்! பட்டனின் கிளிக் சிக்னல் தன்னோடு "அழுந்தியிருக்கிறதா" என்ற உண்மை, பொய் மதிப்பு ஒன்றையும் கொண்டுவருகிறது. சாதாரணப் பட்டனில் அது எப்போதும் பொய். அந்தப் பொய் வந்து என் எண்ணின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பைத்தானில் பொய் என்றால் 0, 0 என்றால் என் பட்டியலில் முதல் பக்கம். லாம்டாவில் முன்னால் ஒரு காலி நாற்காலியை அந்தப் பொய்க்காக ஒதுக்கி, எண்ணை இரண்டாவதாக வைத்ததும் சரியானது. பிழைச்செய்தி என்று எதுவுமே வராத பிழை இது. வெறும் கண்ணால்தான் பார்க்க முடியும்.

முழு ஹார்டு டிஸ்க்கையும் படிக்கக் கொடுத்தபோது புராகிரஸ் பார் பாதி வழியில் பைத்தியமானது. படித்த பைட் எண்ணிக்கையை முழு எண் வகை சிக்னலில் அனுப்பியிருந்தேன். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லையில்லை. சிக்னலில் அறிவிக்கும் முழு எண்ணோ சி++-இன் 32 பிட் எண். 2,147,483,647-க்கு மேல் அதற்கு இடமில்லை. 2 ஜிபியைத் தாண்டிய நொடியில் கணக்கு உடைந்தது. சிக்னலை ஆப்ஜெக்ட் வகையாக அறிவித்து, பாருக்குச் சதவீதத்தை மட்டும் கொடுத்தேன். ஆப்ஜெக்ட் வகையிலும் ஒரு சங்கதி: அனுப்பப்படுவது நகல் அல்ல, அதே பொருள். ஒரு பட்டியலை அனுப்பிவிட்டு வேலைக்காரன் அதிலேயே தொடர்ந்து சேர்த்துக்கொண்டிருந்தால், மெயின் த்ரெட் படிக்கும்போது பட்டியல் மாறியிருக்கும். அனுப்பும் முன் நகலெடுத்துவிட வேண்டும்.

இரண்டு எஜமானர்கள்

விட்ஜெட் பிழைகளில் மிச்சமெல்லாம் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் இரண்டு எஜமானர்கள். ஒருபுறம் பைத்தான், ஒரு பொருளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் உடனே அழித்துவிடும். மறுபுறம் க்யூட், பெற்றோர் விட்ஜெட் போனால் பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போய்விடும். ஒருவர் செய்வது மற்றவருக்குச் சில நேரம் தெரியாது.

இரண்டாவது ஜன்னலை ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கிக் காட்டினால், அது மின்னிவிட்டு மறையும். ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பெயர் போய்விட்டது, பைத்தான் அழித்துவிட்டது. செல்ஃபில் பிடித்துவைத்தால் தங்கும். நேர் எதிர்ப் பக்கத்தில், சார் முன்னோட்ட ஜன்னலை மூடிய பிறகு வேலைக்காரனின் கடைசி சிக்னல் வந்துசேர்ந்தது. பைத்தான் பக்கம் லேபிள் என்ற பெயர் இருக்கிறது, உள்ளே உயிரில்லை. "உறைக்குள் இருந்த சி++ பொருள் ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது" என்ற பிழை. இரண்டு சட்டையும் வேறு வேறு வார்த்தையில் இதையே சொல்கின்றன. ஜன்னலை மூடும்போதே சிக்னலைத் துண்டித்து, வேலைக்காரனை நிறுத்தச் சொல்லி, அவன் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் ஜன்னலைப் போகவிட வேண்டும். காத்திருக்காமல் போனால் "ஓடிக்கொண்டிருக்கும்போதே த்ரெட் அழிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு நிரலே கவிழும். டெர்மினேட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பக்கத்தில் போகாதீர்கள், அது பூட்டைப் பிடித்திருக்கும் த்ரெட்டையும் அப்படியே கொன்றுவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் இரண்டு சட்டைக்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணில் பட்டது. ஒரு ஸ்லாட்டுக்குள் பைத்தான் பிழை ஒன்று எழுந்து, அதை யாரும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பைசைடு ட்ரேஸ்பேக்கை டெர்மினலில் அச்சிட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். பைக்யூட் 5.5-இலிருந்து நிரலையே கவிழ்த்துவிடும். பைக்யூட் சும்மா சும்மா விழுகிறது என்ற கெட்ட பெயருக்கு இதுவும் ஒரு காரணம். பயன்படுத்துகிறவர் பார்வையில் பைசைடு இரக்கமுள்ளது. நானும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பைக்யூட்டுக்கு மாற்றிய அன்று மாலையே என் நிரல் நான்கு முறை விழுந்தது. நான்கும் பைசைடில் தினமும் நடந்துகொண்டிருந்த பிழைகள். பெயர் மாற்றும் ஸ்லாட் பாதியில் நின்று, பாதிப் பெயர் மாறிய ஃபோல்டர்களைச் சாருக்கு விட்டுவைத்திருந்தது. கவிழ்ந்த நிரலைத் திரும்பத் திறந்துவிடலாம். பாதி மாறிய ஃபோல்டர்களைக் கையால் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பைக்யூட்டின் கவிழ்ப்பு வேண்டாமென்றால், சிஸ் தொகுப்பின் எக்செப்ட்ஹூக்கில் நமது ஃபங்ஷனை வைத்தால் போதும், கவிழாமல் அது நம்மிடம் வரும். நான் இரண்டுக்கும் ஒரே ஹூக்கை வைத்து, பிழையை லாகில் எழுதி, ஒரு பெட்டியில் காட்டி, நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்தும்படி செய்திருக்கிறேன்.

மற்ற தொகுப்புகளில் இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, உருவம் வேறு. டிகின்டரில் போட்டோஇமேஜை யாரும் பிடித்துவைக்காவிட்டால் லேபிள் இருக்கும், படம் இருக்காது. அதே இரண்டு எஜமானர் கதை. ஜிடிகேயில் வேறு த்ரெட்டிலிருந்து ஐடில்ஆட் வழியாகத்தான் திரைக்கு வேலை அனுப்ப வேண்டும். அனுப்பிய ஃபங்ஷன் உண்மை என்று திருப்பிக் கொடுத்தால், அதே வேலை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும். எங்கேயும் திரையைக் கவனிக்கும் மாஸ்டர் ஒருவர்தான்.

எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் கோணலானது. எழுதும்போது பைக்யூட், கொடுக்கும்போது பைசைடு. பைக்யூட்டில் ஓட்டினால் என் தவறுகள் மறைந்துகொள்ள இடமில்லை. மூலநிரலைத் திறக்க விரும்பாத ஒரு சின்னக் கம்பெனிக்கு விற்பதாக இருந்தால், எல்ஜிபிஎல் இருப்பதால் பைசைடு கணக்குக்குச் சரிவரும். சாருக்கு உரிமம் பிரச்சினை இல்லை, ஆனாலும் அவர் கணினியில் இருப்பது பைசைடுதான். இரண்டிலும் ஓடும் நிரலை வைத்திருப்பதற்கு ஆரம்பத்தில் இறக்குமதி வரிகளில் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். அந்தச் சிரமத்துக்குக் கிடைத்த பலன், அந்த நான்கு கவிழ்தல்கள்.

போன வாரம் எல்லாம் முடித்து, லாகில் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபோல்டரை முழுசாக ஓட்டிக் காட்டினேன். ஜன்னல் ஒரு கணம்கூட உறையவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தம்பி, இந்தப் பட்டன்ல என்ன எழுதியிருக்கீங்க?"

"சேமிப்பு சார்."

"'சேமிப்ப'ன்னுல்ல இருக்கு."

பட்டனுக்கு 22 பிக்சல் உயரம் என்று நானே கட்டாயப்படுத்தியிருந்தேன். ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கியிருந்தது. 'பு'வின் கால் கீழே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அந்த வரியை அழித்து, உயரத்தைக் க்யூட்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.